பேரிக்காய் மரத்தில் இருபத்தேழு ஜாம் சீசா

காலி சீசாவைத் தூக்கி எறிய எனக்குக் கை வராது. ஊறுகாய் தீர்ந்தால் ஊறுகாய் சீசா, தேன் தீர்ந்தால் தேன் சீசா, இருமல் மருந்து தீர்ந்தால் அதுவும் என்று கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் நான் ஏதோ மருந்துக் கம்பெனி நடத்தி நொடித்துப் போனவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உண்மையைச் சொல்வதென்றால் கொடைக்கானலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கேட்கிறவருக்குக் காப்பி ஆறிவிடும்.

இங்கே ஆறினால் ஆறட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். அரிசி, கோதுமை மாவு, சீனி, ஜாம் எல்லாவற்றுக்கும் சாவி என் இடுப்பில். டீச்சரம்மாக்கள் படித்துவிட்டுப் போடும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளும் ஸ்டோருக்குத்தான் வந்து சேரும், பொட்டலம் மடிக்க. மடிப்பதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தபடியே, லண்டனில் எந்த வருஷம் எந்தத் தொப்பி வழக்கொழிந்தது என்பது வரை தெரிந்துவைத்திருந்தேன். ஸ்டோருக்குள் எலி எந்த ஓட்டை வழியாக வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் பழனி. கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்க்கும் முறை அவர்கள் வீட்டுக்கு உண்டு. விசேஷ நாளில் மத்தியானமே அத்தனை விளக்கிலும் எண்ணெய் நிரப்பித் திரி போட்டுவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் ஏற்றுவார்கள். ஏற்றி முடிந்ததும் வீட்டு மூத்த ஆண் ஒரு சுற்று நடந்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, குறைவில்லையென்றால் "நெறஞ்சிருக்கு" என்பார். அந்தச் சொல் வரும்வரை யாரும் சாப்பிட உட்காருவதில்லை. மாமனார் காலமானபின் எண்ணுகிற பொறுப்பு என் மைத்துனருக்கு வந்திருந்தது. என்னைவிடப் பத்து வயது பெரியவர். அடிவாரத்தில் கடை வைத்திருந்தார். எண்ணுவதில் அவர் தவறி யாரும் பார்த்ததில்லை.

கொடைக்கானலில் நான் பிடித்திருந்த வீடு ஊரின் வடக்கு விளிம்பில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, வாசலில் ஒரு பேரிக்காய் மரம். மேகம் விலகினால் வாசலில் நின்றே பழனி மலையைப் பார்க்கலாம், கூழாங்கல் அளவுக்குத் தெரியும். புதுப்பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் அந்த வீட்டையே பிடித்தேன். பிறந்த ஊரைத் தினமும் தூரத்தில் காட்டிக்கொண்டு, போகவிடாமல் வைத்திருப்பதற்கு வேறு பெயர் உண்டு என்று எந்தப் பத்திரிகையிலும் போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் அவள் வாசற்படியில் ஒரு அகல் ஏற்றுவாள். ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள் காற்று அதை முடித்துவிடும். மறுபடி ஏற்றுவாள். மறுபடி காற்று. விளக்கு அணைந்தது என்று அவர்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். ஏற்கெனவே ஏழாயிரம் அடி ஏறி வந்த விளக்கு இன்னும் எங்கே ஏறும் என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டுவைத்தேன். அன்று ரசத்தில் உப்பில்லை.

ஒரு மாதம் போராடிப் பார்த்துவிட்டு அகலைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. பேச்சே குறைந்துபோனது. ஐப்பசி மழையில் அவள் கைவிரல்கள் குளிரில் சிவந்து வீங்கின. சாயங்காலங்களில் பேரிக்காய் மரத்தடியில் போய் வடக்கே பார்த்து நிற்பாள். மேகம் விலகாத நாளிலும் நிற்பாள்.

அப்போதுதான் மைத்துனரிடமிருந்து கடிதம் வந்தது. கார்த்திகைக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது முதல் கார்த்திகை என்பதால் தானே நேரில் கொண்டுவருவதாக எழுதியிருந்தார். கடைசி வரி எனக்கு: கடையில் மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறதாம். மலை மேல் பிறத்தியார் அரிசிக்குக் காவல் இருப்பதை அவர் ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டதில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் விபூதிப் பையும் மயிலிறகும் காவடிச் சலங்கையும் விற்கவேண்டும். விலை அதிகம் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று ஒத்துக்கொள்கிற ஆள் நான். என்னை உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் அந்த ஸ்டூலையும் சேர்த்து விற்றிருப்பேன்.

அவள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தாள்.

"கார்த்திகைக்கு வாசல்ல இருபத்தேழு வெளக்கு ஏத்தணுங்க. நட்சத்திரத்துக்கு ஒண்ணு. அண்ணே வந்து எண்ணுவாக. வெளிய, காத்துல. கதவுக்குப் பின்னால இல்ல."

நான் காற்றைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வெளக்கு நிக்காத வீட்டுல நான் எப்படிங்க நிக்க? எண்ணி நெறஞ்சா இருக்கேன். கொறஞ்சா அண்ணனோட பஸ் ஏறிருவேன். நீங்க சோலியெல்லாம் முடிச்சுட்டு மெதுவா வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அதனால்தான் பயந்துபோனேன்.

படித்தவன் பயந்தால் புத்தகத்தைத்தான் தேடுவான். ஸ்டோரில் பொட்டலத்துக்குக் கிடந்த பத்திரிகைக் கட்டில் ஒரு வண்ணப் பக்கம் எனக்கு ஞாபகம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிப்பது எப்படி, அதுவும் காலி ஜாம் சீசாக்களைக் கொண்டு. சீசாவின் அடியை அறுத்து எடுத்துவிட்டு மெழுகுவத்தி மேல் கவிழ்த்தால் காற்று தொடாது. அறுக்காமல் கம்பி கட்டி மரத்திலும் தொங்கவிடலாம். படத்தில் ஒரு அம்மாள் சீசாவை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்து விரலிலும் ஒரு கட்டுக்கூட இல்லை. இதை நான் கவனித்திருக்க வேண்டும்.

குளிர்கால விடுமுறைக்கு ஹாஸ்டலை மூடுகிற சமயம். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு வருஷத்து ஜாம் சீசாக்கள் குவிந்து கிடந்தன. அவை சமையல்காரரின் பாத்தியதை. பேத்துப்பாறைக்காரர். ஊரில் தேன் எடுக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அத்தனை சாவியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவரிடம் போய்க் காலி சீசாவுக்குக் கை நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜாம் தின்னது அவுக, சீசா கழுவுறது நீங்களாங்க?" என்றார். ஆனாலும் நாற்பது சீசாவை எண்ணிச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்.

அது மதுவிலக்குக் காலம். ஒருவன் கலகலவென்று சத்தம் போடும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. போலீஸ்காரர் மரியாதையாகவே நிறுத்தினார். ஒவ்வொரு சீசாவாக எடுத்து மோந்து பார்த்தார். பிளம்ஸ், ஆரஞ்சு, மறுபடி பிளம்ஸ். பத்துப் பன்னிரண்டு மோந்தபின் அவர் முகத்தில் ஒரு பசி தெரிந்தது. எதற்கு என்று கேட்டார். கார்த்திகை விளக்குக்கு என்றேன். பொய் சொல்கிறவன் இதைவிட நல்லதாகச் சொல்லியிருப்பான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

அறுவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சீசாவின் அடிப்பக்கமாக மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தவேண்டும். நூல் எரிந்து முடியும் நேரத்தில் குளிர்ந்த நீரில் முக்கினால் கத்தியால் வெட்டியதுபோல அடி கழன்று வரும். பத்திரிகை சொல்லும் குளிர்ந்த நீர் எந்த ஊருடையதோ. கார்த்திகை மாதத்துக் கொடைக்கானல் தண்ணீர் வேறு ஜாதி. முதல் சீசா வாளிக்குள் நாலு துண்டாகப் போனது. இரண்டாவது ஏழு. நூலைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். பதினோரு சீசா போய்ச் சேர்ந்தபின் பன்னிரண்டாவது மட்டும், என்ன நினைத்துக்கொண்டதோ, வட்டமாக, சுத்தமாக அடியைக் கழற்றிக் கொடுத்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க அறுக்கணும்? சீசாவுக்குள்ளேயே எண்ணெய ஊத்தித் திரியப் போட்டா எரியாதா?"

பதினோரு சீசாவுக்கு முன்னால் கேட்டிருக்கலாம். இருந்தாலும் அடியில்லாத அந்த ஒன்றை நான் எறியவில்லை. என் சாதனை அல்லவா. பேனா வைக்கலாம் என்று வைத்தேன், பேனா கீழே போயிற்று. அடியில்லாத சீசாவில் எதையும் வைக்கமுடியாது என்பதால் அலமாரியின் மேல்தட்டில் சும்மா பார்வைக்கு வைத்தேன். அவள் அதைத் தூசி தட்டும்போதெல்லாம் ஒரு விரலை உள்ளே விட்டு அடி வழியாக வெளியே நீட்டிக் காண்பிப்பாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றை ரொம்ப நாளைக்குப்பின் பார்த்தது அப்போதுதான்.

மிச்சம் இருபத்தெட்டு. வெறும் சீசா மொட்டையாக இருக்கிறது என்று சொல்லி அவள் பச்சரிசி ஊறவைத்து அரைத்தாள். தரையில் போடுகிற மாக்கோலத்தைச் சீசாவின் மேல் இழுத்தாள். விரல் வீங்கியிருந்தும் இழை பிசகவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம், சுற்றிக் கொடி. அந்த ஈரத்தில் கோலம் காயவே இல்லை. கரிக் கணப்பைச் சுற்றி வட்டமாக அடுக்கிக் காயவைத்தோம். அதில் ஒன்று அதிக ஆசையாகக் கணப்பை நெருங்கி விரிசல் விட்டது. ஆக இருபத்தேழு. உபரி என்று ஒன்று இல்லை. ஹாஸ்டல் மாவுப் பெட்டிகளிலிருந்து கழற்றிய கம்பியால் ஒவ்வொன்றின் கழுத்திலும் வளையம் போட்டேன். இலை முழுக்க உதிர்ந்து நின்ற பேரிக்காய் மரத்தில் அவற்றை எங்கெங்கே தொங்கவிடுவது என்று இரண்டு நாள் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையன்று காலையில் மைத்துனர் வந்தார். அந்த நாளில் பழனியிலிருந்து திண்டுக்கல், பத்தலக்குண்டு என்று சுற்றித்தான் மேலே வரமுடியும். முதல்நாளே கிளம்பிப் பத்தலக்குண்டில் படுத்திருந்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தார். புடவை, பொரி, அவல், வெல்லம், அவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு தகர டின்னில் இலுப்பை எண்ணெய். முதல் கார்த்திகைக்குப் பிறந்த வீட்டு எண்ணெய்தான் எரியவேண்டும். டின்னைப் பஸ்ஸில் இன்ஜின் மூடியின் மேல் வைத்து, வழி முழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாராம். பச்சைப் பிள்ளை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது காற்று அவர் குடையை உள்பக்கம் வெளிப்பக்கமாக மடக்கிவிட்டிருந்தது. அந்த ஊரைப் பற்றி அவர் மனதில் வைத்திருந்த அபிப்பிராயத்துக்கு அதுவே போதும். என் கம்பளிக் கோட்டையும் குரங்குத் தொப்பியையும் வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்த அகலைப் பார்த்தார்.

மத்தியானம் வழக்கப்படி அண்ணனும் தங்கையுமாக இருபத்தேழு சீசாவிலும் எண்ணெய் வார்த்துத் திரியைப் போட்டு வாசலில் வரிசையாக வைத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மூன்று தலைமுறையாக எண்ணெய் வார்த்த கைகள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, எண்ணி முடியும்வரை சாப்பாடு கிடையாது என்பதால் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்கு மேல் அவள் தீப்பெட்டியோடு வெளியே போனாள். சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது ஒரு சீசாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதிலிருந்து ஒன்றும் கொட்டவில்லை.

இருபத்தேழிலும் எண்ணெய் மஞ்சள் பாறையாக உறைந்திருந்தது. திரிகள் உள்ளே மூழ்கி, தொட்டியில் மீன் மாதிரி தெரிந்தன.

மைத்துனர் ஒன்றை வாங்கி ஆட்டினார். விரலால் குத்தினார். கணப்புப் பக்கம் வைத்திருந்த டின்னைத் திறந்து பார்த்தார். அடியில் மிஞ்சிய கொஞ்சம் மட்டும் எண்ணெயாகவே இருந்தது. முதலில் செக்குக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு என் சீசாக்களில் ஜாம் ஒட்டியிருந்ததா என்று கேட்டார். குளிர், மச்சான் என்றேன்.

"மார்கழில செத்த கொழம்பும் மாப்ளே. இப்படிக் கல்லாகி எங்க அப்பா காலத்துலயும் பாத்ததில்ல" என்றார். தன் வீட்டு நாயே தன்னைப் பார்த்துக் குரைத்த மாதிரி இருந்தது அவர் குரல்.

உருக்கலாம் என்றால் ஒரே ஒரு கணப்பு. கடைசிச் சீசாவை உருக்கி முடிப்பதற்குள் முதல் சீசா மறுபடி உறைந்திருக்கும். சூட்டில் எது உடையும் என்றும் சொல்லமுடியாது, உடைய உபரியும் இல்லை. வெளிச்சமோ போய்க்கொண்டிருந்தது. கதவோரம் இருந்த அவளுடைய டிரங்குப் பெட்டியை அப்போதுதான் கவனித்தேன். கட்டிலுக்கு அடியில் இருக்கவேண்டிய பெட்டி.

எல்லாம் மெழுகுவத்தி மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னேன். ஒப்பாரிக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

அவள் கையிலிருந்த சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மெழுகுவத்தி மாதிரியே கொளுத்துனா என்னங்க?"

நடுவில் திரி நட்டுக்குத்தலாக நின்றால் போதும். நிற்பதற்குக் குழி வேண்டும். சூடான கம்பி இருந்தால் குழி விழும். வீட்டில் கம்பி தேடினோம். மைத்துனர் தன் குடையை எடுத்து அதன் கம்பி ஒன்றை முறித்தார். துடைப்பக் குச்சியில் திரி சுற்றலாம் என்று நான் சொன்னதை அண்ணன் தங்கை இருவரும் காதில் வாங்கவே இல்லை. சாமி விளக்குக்குத் துடைப்பமா. அவள் பேரிக்காய் மரத்தில் சிறு சிறு குச்சிகளாக ஒடித்து வந்தாள். நான் அவற்றில் பஞ்சைச் சுற்றி டின்னில் மிஞ்சிய எண்ணெயில் தோய்த்துக் கொடுத்தேன். அவர் கணப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு சீசாவிலும் நடுமத்தியில் இறக்கி, குச்சியை நட்டார்.

"வெரசாக் குடுங்க மாப்ளே. இதென்ன, மாப்பிள்ளை விருந்துக்கா உக்காந்திருக்கீங்க?"

குரங்குத் தொப்பியில் மூக்கு மட்டும் தெரிய, புகையில் கண் கலங்க, குத்தவைத்து உட்கார்ந்து அவர் வேலை செய்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். தங்கையை அழைத்துப்போக வந்த மனிதர். தன் காரியத்துக்குத் தானே குழி பறிக்கிறோம் என்பது தெரியாமல் இருபத்தேழு குழி பறித்தார்.

மங்கலான வெளிச்சத்தில் அவள் ஏற்ற ஏற்ற நான் மரத்தில் மாட்டினேன். சுடர் முதலில் குச்சி நுனியில் தயங்கியது. பிறகு தன்னைச் சுற்றி எண்ணெயைக் கொஞ்சம் உருக்கிக்கொண்டு நிமிர்ந்தது. அவள் போட்ட கோலங்களின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் வழிந்தது. கடைசிச் சீசாவை மாட்டும்போது காற்று வந்தது. மரம் ஆடியது, சீசாக்களும் ஆடின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. காற்று சீசாக்களின் வாய்க்கு மேலேயே போய்விட்டது.

"தண்ணியா இருந்தா இந்நேரம் தளும்பி அத்தனையும் மலையேறியிருக்கும்" என்றார் மைத்துனர், யாருக்கும் இல்லாமல். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு எண்ண ஆரம்பித்தார்.

பதினெட்டாவதில் இருந்தபோது டிக் என்று ஒரு சத்தம். தாழ்ந்த கிளையில் ஒரு சீசா மேலிருந்து கீழாகப் பிளந்து, பாதி கம்பியில் தொங்க, பாதி புல்லில் விழுந்தது. சுடர் போய்விட்டது.

அவர் முடிவு வரை எண்ணினார். மறுபக்கம் போய் நின்று மறுபடி எண்ணினார். இருபத்தாறு. சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமல் தங்கையைப் பார்த்தார். எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. என் ஆயுளில் அப்படி நேர்ந்தது குறைவு.

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். பெட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது ஒரு கையில் கதவுக்குப் பின்னால் இருந்த அகல், எரிந்தபடி. மறு கையில் அலமாரியிலிருந்த என் அடியில்லாத சீசா. வாசற்படியில் இரண்டு பேரிக்காய்க் குச்சிகளைக் குறுக்கே வைத்தாள், நடுவில் அகலை வைத்தாள், சீசாவை அதன் மேல் குச்சிகளில் நிற்கும்படி கவிழ்த்தாள். பத்திரிகையில் போட்டிருந்த மாதிரியே. மூன்று மாதமாக அந்தப் படியில் ஒரு நிமிஷம் நிற்காத சுடர், சீசாவுக்குள் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு நேராக நின்றது.

"எண்ணுங்கண்ணே" என்றாள்.

"அது உள்வெளக்குல்ல தாயி?"

"வாசல்லதான எரியுது."

அவர் அவளைப் பார்த்தார். படியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை எண்ண ஆரம்பித்து, மரத்தை முடித்து, படிக்கு வந்து நின்றார்.

"நெறஞ்சிருக்கு."

அன்று மேகம் விலகியதா, பழனி தெரிந்ததா என்பது எனக்கு ஞாபகமில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே போகும்போது பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இலை போட்டாள்.

மறுநாள் காலையில் தூறலில் மைத்துனரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரு கம்பி குறைந்த குடை ஒரு பக்கமாகச் சரிந்து அவர் தோளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. மடியில் கோலம் போட்ட சீசா ஒன்றை வைத்திருந்தார், வீட்டில் காட்டுவதற்காம். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அந்த ஸ்டூல வேற ஆளுக்குக் குடுத்துர்றேன் மாப்ளே. நீங்க வந்து உக்காந்தா கடை தாங்காதுன்னு தங்கச்சி சொல்லிருச்சு."

இவ்வளவு பெரிய நல்ல செய்தியை இவ்வளவு அவமானத்தில் பொதிந்து யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நன்றி சொன்னேன்.

மலையை விட்டு இறங்கி நாங்கள் திண்டுக்கல்லுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இங்கே கார்த்திகைக்குக் காற்றே கிடையாது. திறந்த வாசலில் அகல் பாட்டுக்கு எரியும். எண்ணெயும் எண்ணெயாகவே இருக்கும். இருந்தாலும் வாசற்படி அகலுக்கு மேல் அந்த அடியில்லாத சீசாவைக் கவிழ்க்காமல் அவள் விளக்கேற்றியதில்லை. இது எதற்கு என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"அவுக அறுத்தது" என்பாள். அந்த இரண்டு வார்த்தையில் ஒரு பெருமை இருக்கும். நான் அதை அனுபவித்து முடிப்பதற்குள், மற்றப் பதினோரு சீசாவின் கதையை ஆரம்பித்துவிடுவாள்.